எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள்?

இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோவின் 'ப்ரொஃபோண்டோ ரோஸோ' (1975) என்ற கொலை மர்மப் படத்துக்குக் கொலைக் காட்சிகளில் இருக்கும் அக்கறை கதையில் இல்லை என்று, அதைப் பற்றி எழுதிய கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். எந்தப் பிரதியைப் பார்த்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. இத்தாலியில் இது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடிய படம். அமெரிக்காவுக்குப் போனபோது இருபது நிமிடங்களுக்கு மேல் வெட்டினார்கள். நியூயார்க் டைம்ஸில் விமர்சகர் வின்சென்ட் கேன்பி 1976இல் இயக்குநரைத் திறமையற்றவர் என்று சாடியது அந்தச் சமயத்தில்தான். நாயகன் டேவிட் ஹெம்மிங்ஸும் நாயகி டாரியா நிகோலோடியும் வம்புக்கு இழுத்து விளையாடும் காட்சிகளில் பெரும்பகுதி அந்த வெட்டிய பிரதியில் காணாமல் போயிருந்தது. அவை போனால் மிஞ்சுவது கத்தியும் ரத்தமும்தானே?

கதையில் ஓட்டைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் துப்பு விஷயத்தில் அர்ஜென்டோ ஏமாற்றவே இல்லை. முதல் கொலைக்குப் பிறகு, ஓவியங்கள் தொங்கும் நடைக்கூடத்தில் நாயகன் ஓடும்போது கொலையாளியின் முகம் கண்ணாடியில் தெரிகிறது. அவனைப் போலவே நாமும் அதை ஓவியம் என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். நான் இரண்டாம் முறை அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, எழுந்து போய் அறை விளக்கைப் போட்டேன்.

படத்துக்கு இசையமைத்த கோப்ளின் ராக் குழுவைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு சொல்கூட எழுதாததைத்தான் மன்னிக்க முடியவில்லை. அந்த இசை இன்னும் காதை விட்டுப் போகவில்லை.