மைக்கைக் கொடுக்கிறோம், கணக்கு நோட்டைக் கொடுப்பதில்லை

மே மாதம் பிறந்துவிட்டால் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளின் சுவர்களில் வாலிபர் முகாம்களுக்கான சுவரொட்டிகள் வரிசைகட்டும். தலைமைத்துவப் பயிற்சி, நாளைய தலைவர்கள், எழும்பிப் பிரகாசி என்று தலைப்புகள். மூன்று நாள் தங்கல், சாப்பாடு, முடிவில் சான்றிதழ். வகுப்பெடுக்க என்னையும் அழைப்பார்கள், மகிழ்ச்சியோடு போவேன். பிள்ளைகள்மேல் அக்கறை இல்லாத எவரும் இந்த வெயிலில் முகாம் நடத்துவதில்லை. ஆனால் பாடத்திட்டத்தைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. மேடைப் பேச்சு, நேரத்தைக் கையாள்வது, இலக்கு வைப்பது, தன்னம்பிக்கை. ஒரு கம்பெனி தன் விற்பனைப் பிரிவுக்கு நடத்தும் வகுப்புதான் இது. முன்னும் பின்னும் ஒரு ஜெபம், நடுவில் ஒரு வசனம் சேர்த்திருக்கிறோம், அவ்வளவே.

இருபது வயதுப் பிள்ளையிடம் நேர்மை வளர வேண்டுமானால், நேர்மையாக இருப்பதற்கு விலை கொடுக்க வேண்டிய ஒரு பொறுப்பு அந்தப் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான நம்பிக்கை. நம் சபைகளில் வாலிபருக்கு என்னென்ன கொடுக்கிறோம்? பாடகர் குழு, கீபோர்டு, ஒலிபெருக்கி, பண்டிகைக்குத் தோரணம், அசனம் என்னும் சபை விருந்தில் பந்தி பரிமாறும் வேலை, வாட்ஸ்அப்பில் அனுப்ப அறிவிப்புப் படம் செய்யும் வேலை. எல்லாம் நல்ல வேலைகள்தாம். பணம், முடிவெடுக்கும் உரிமை, எடுத்த முடிவுக்குச் சபைமுன் பதில் சொல்லும் கடமை ஆகிய மூன்றும் மட்டும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் கையிலேயே தங்கிவிடுகின்றன. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் குணம் எதில் உரைத்துப் பார்க்கப்படும்?

டிசம்பர் மாதக் கீத பவனியை எடுத்துக்கொள்ளுங்கள். வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் இரவெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பாடுகிறார்கள். வீட்டார் காணிக்கைப் பெட்டியில் தங்களால் ஆனதைப் போடுகிறார்கள். சில சபைகளில் அந்தப் பெட்டி அப்படியே ஒரு மூப்பரின் வீட்டுக்குப் போய்விடும். பாடிய பிள்ளைகளுக்குத் தொகைகூடத் தெரியாது. வேறு சில சபைகளில் பணம் பிள்ளைகளிடமே இருக்கும். பனியன், பிரியாணி, ஒரு சுற்றுலா என்று கரைந்துவிடும், கணக்கு யாரோ ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கும். இரண்டுமே பிள்ளைகளைக் கெடுக்கிற வழிகள். முதலாவது, உன்னை நம்பவில்லை என்கிறது. இரண்டாவது, பொதுப்பணம் இப்படித்தான் செலவாகும் என்று பழக்குகிறது.

எங்கள் சபையில் இதை மாற்றினோம். பவனி முடிந்து திரும்பியதும், எத்தனை மணியானாலும், இரண்டு பேர் உட்கார்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். மறுநாள் காலை தொகை ஆலய அறிவிப்புப் பலகையில் ஏறிவிடும். ஜனவரி முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு வரவு செலவை வாலிபர் ஐக்கியப் பொருளாளர் வாசிப்பார்; சபையில் யாரும் கேள்வி கேட்கலாம். முதல் முறை அப்படி வாசித்தது நர்சிங் படிக்கும் ஒரு பெண். வாசித்து முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்தார். "ஜெனரேட்டர் வாடகை ரெண்டு இடத்தில் வருகிறதே, அது ஏன் கண்ணு?" என்று கேட்டார். அந்தப் பெண்ணின் கை நடுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. கோப்பைப் புரட்டி இரண்டு ரசீதுகளை எடுத்துக் காட்டி, "முதல் நாள் எடுத்தது பழுதாகிவிட்டது பாட்டி. ரெண்டாம் நாள் வேறு கடையில் எடுத்தோம். பழுதான நாளுக்குப் பாதி வாடகைதான் கொடுத்தோம், இதோ எழுதி வாங்கியிருக்கிறேன்" என்றாள். பாட்டி ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். எந்த முகாமில், எந்த வகுப்பில் இந்தப் பயிற்சியை நாம் கொடுத்துவிட முடியும்?

இது புதிதாக யாரும் கண்டுபிடித்த முறையும் அன்று. எருசலேமின் ஏழைகளுக்காகச் சபைகளிடம் காணிக்கை திரட்டிய பவுல் அந்தப் பணத்தைத் தனியாகக் கொண்டுபோக விரும்பவில்லை. சபைகள் தெரிந்தெடுத்து அனுப்பிய ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஆண்டவருக்கு முன்பாக மட்டும் அல்ல, மனிதருக்கு முன்பாகவும் குற்றமற்றிருக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் காரணமும் சொல்கிறார். 'கடவுளுக்குத் தெரியும், உங்களுக்கு ஏன் கணக்கு' என்று கேட்கும் நம்மூர்ப் பொருளாளர்கள் அந்தப் பகுதியை ஒரு தடவை உரக்க வாசிக்க வேண்டும்.

தஞ்சாவூரில் 1892இல் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே.சி. குமரப்பாவைப் பற்றி நம் ஓய்வுநாள் பள்ளிகளில் எந்தப் பிள்ளைக்காவது சொல்லியிருக்கிறோமா? லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்றவர். பிற்காலத்தில் காந்தியப் பொருளாதாரத்தின் முகமாக ஆனவர். 1934 ஜனவரியில் பீகாரைப் புரட்டிப்போட்ட நிலநடுக்கத்துக்குப் பிறகு, நிவாரண நிதியின் கணக்கைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பீகாருக்கு வந்த காந்தியின் குழுவினருக்கு ஆகும் செலவை நிவாரண நிதியிலிருந்து கொடுக்க முடியாது, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடமே சொன்னார் அவர். தான் தலைவராக ஏற்றுக்கொண்ட மனிதருக்கே சொன்ன பதில் அது. இயேசுவின் போதனையை வாழ்க்கைமுறையாகவும் பொருளாதாரமாகவும் எடுத்துக்கொண்ட ஒருவரின் விசுவாசம் ஒரு செலவுச் சீட்டில் வெளிப்பட்டது. வாலிபருக்கு முன்மாதிரி வேண்டும் என்று அமெரிக்கப் பிரசங்கியாரின் காணொளியைத் தேடும் முன் தஞ்சாவூர் வரை ஒரு நடை போய் வரலாம்.

அடுத்தது, எனக்கு மிக நெருக்கமான பெயர். வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகச் சுற்றியவர். அந்த ஒய்.எம்.சி.ஏ.வையே 1844இல் லண்டனில் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் அப்போது 22 வயதுத் துணிக்கடை ஊழியர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1902இல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கடல் தாண்டித் தமிழகத்துக்கே ஊழியரை அனுப்பியிருப்பதை அறிந்தார். நம் திருநெல்வேலிச் சபை ஏன் இதைச் செய்யவில்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே, 1903 பிப்ரவரியில், இந்திய மிஷனரி சங்கம் பாளையங்கோட்டையில் பிறந்தது. அசரியாவுக்கு அப்போது 28 வயது. 1905இல் தேசிய மிஷனரி சங்கம் உருவானபோதும் அவர் முன்னணியில் இருந்தார். ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை.

அந்தக் காலத்தில் பல வெள்ளைக்கார மிஷனரிகள் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள்? இந்தியர்கள் நல்லவர்கள், பக்தியுள்ளவர்கள், ஆனால் பொறுப்பை ஒப்படைக்கும் அளவுக்கு இன்னும் பக்குவப்படவில்லை. 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அந்த மிஷனரிகளின் முகத்துக்கு நேராகவே அசரியா பேசினார். நீங்கள் செய்த தியாகங்களுக்கு இந்தியச் சபை என்றும் நன்றியோடிருக்கும், ஆனால் எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம். அவையில் பலருக்கு அது கசந்தது. இரண்டே ஆண்டுகளில், 1912 டிசம்பரில், அவர் இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயராக, இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக, கல்கத்தாவில் அபிஷேகம் பெற்றார்.

அசரியாவின் படத்தை ஆலய மண்டபத்தில் மாட்டி வைத்திருக்கும் நாம், நம் வாலிபரைப் பற்றி என்ன சொல்கிறோம்? 'நல்ல பிள்ளைகள், பக்தியுள்ள பிள்ளைகள், ஆனால் இன்னும் பக்குவம் வரவில்லை.' அன்று நம் முன்னோரைக் காயப்படுத்திய அதே சொல்லை நம் பிள்ளைகளின்மேல் வீசுகிறோம். பெண் பிள்ளைகளுக்கோ இது இரட்டிப்பாக விழுகிறது. நந்தியாலில் புஷ்பலலிதா அம்மையார் 2013இல் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் ஆனார். இன்றும் பல வாலிபர் ஐக்கியங்களில் செயலாளர் பையன்தான், பெண் 'துணை'தான்.

தோர்ணக்கல்லில் அசரியா எப்படித் தலைவர்களை வளர்த்தார் என்று பாருங்கள். அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தறிவில்லாத தலித் மக்கள். ஞானஸ்நானம் பெற்றவுடனேயே, நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், நற்செய்தியை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்ல வைப்பார். முதலில் பத்து வருடம் பின்வரிசையில் உட்கார், பிறகு பார்க்கலாம் என்று சொல்லவில்லை. விசுவாசம் வந்த அன்றே பொறுப்பும் வந்தது.

தலித் மக்கள் என்றதும் சாதியைத் தொடாமல் போக முடியாது. விழுமியம் உள்ள தலைமை என்று வகுப்பெடுக்கும் பலர் இந்த இடத்தில் மட்டும் சட்டென்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். கல்லறைத் தோட்டத்தைக்கூடச் சாதியால் பிரித்த கிறிஸ்தவர்கள் நாம். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் எருசலேம் சபையில் ஒரு முறுமுறுப்பு எழுகிறது. கிரேக்கம் பேசும் விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை. அப்போஸ்தலர்கள் புகார் சொன்னவர்களை அதட்டவில்லை. விசாரணைக் குழு போட்டு ஆறப்போடவும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள். யாருக்கு அநீதி நடந்ததோ அந்தத் தரப்பாரிடமே பங்கீட்டுப் பொறுப்பு போனது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். வாலிபர் கூட்டத்தில் இந்தப் பகுதியை எடுத்தபோது, பக்கத்துச் சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தின் நிர்வாகத்தைப் பற்றி ஒரு பையன் கேட்டான்: "அப்படியானால் நம் சேகரக் கமிட்டியில் தெற்குத் தெருக்காரர் ஒருவரும் ஏன் இல்லை?" கூட்டத்துக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, வேதபாடத்தை மட்டும் பேசு" என்றார். அவன் பேசியதுதான் வேதபாடம் என்று அங்கேயே சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தல்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அணிகள், பணம், சாதிக் கணக்கு, வழக்குகள், ஓய்வுபெற்ற நீதிபதிகளை நிர்வாகிகளாக நீதிமன்றம் நியமிக்கும் நிலை வரை எல்லாவற்றையும் நம் பிள்ளைகள் செய்தித்தாளில் படிக்கிறார்கள். முகாமில் மூன்று நாள் நாம் சொல்வதை அது ஒரே காலையில் அழித்துவிடுகிறது.

பிள்ளைகள் தவறு செய்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. செய்வார்கள். மாற்கு எனப்பட்ட யோவான், பவுலும் பர்னபாவும் போன முதல் ஊழியப் பயணத்தில் பம்பிலியாவிலேயே அவர்களை விட்டுவிட்டுத் திரும்பியவன். மறுபடி அவனைக் கூட்டிப்போவதா என்பதில் பவுலும் பர்னபாவும் பிரியும் அளவுக்குக் கடுங்கோபம் மூண்டது. பர்னபா அவனைச் சேர்த்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். பல ஆண்டுகள் கழித்து, சிறையிலிருந்து எழுதும் பவுல், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்கு ஊழியத்தில் பயன்படுவான் என்று தீமோத்தேயுவிடம் கேட்கிறார். பெரியவர்களின் வேலை இதுதான்: பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல், பர்னபாவைப் போல உடன் போவது.

உடன் போவதற்கு ஒரு நல்ல முறையும் நம்மிடம் உண்டு. பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்ற கத்தோலிக்கக் குருவானவர் ஆலைகளில் வேலை செய்த இளைஞர்களோடு 1920களில் உருவாக்கிய இயக்கத்தின் வழி அது. சிறு குழுவாக உட்கார்ந்து, தங்கள் வேலையிடத்தில் நடப்பதை முதலில் உள்ளபடி பார்ப்பது, நற்செய்தியின் ஒளியில் அதை எடைபோடுவது, பிறகு செய்யக்கூடிய ஒன்றைச் செய்வது. நம் பிள்ளைகள் ஜவுளிக்கடையிலும், மென்பொருள் நிறுவனத்திலும், உணவு கொண்டுபோகும் வேலையிலும் இருக்கிறார்கள். கடையில் நாள் முழுவதும் நிற்க வைக்கப்படும் பெண்ணும், பொய்க் கணக்கு எழுதச் சொல்லப்படும் பையனும் ஞாயிற்றுக்கிழமை நம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை அவர்கள் பேச ஓர் இடம் வேண்டும். எங்கள் வாலிபர் கூட்டத்தில் பாட்டு நேரத்தைக் குறைத்து அந்த இடத்தை உண்டாக்கியிருக்கிறோம். சில வாரங்களில் பேச்சு முடிவதே இல்லை.

வரும் சேகரக் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளை எழுத்தில் வைக்கப் போகிறேன். கமிட்டியில் முப்பது வயதுக்குட்பட்ட இருவர், அவர்களில் ஒருவர் கட்டாயம் பெண், வாக்குரிமையோடு இருக்க வேண்டும். அறுப்பின் பண்டிகை வரவு செலவைப் பெரியவர்களும் கீத பவனிக் கணக்கைப் போலவே சபைமுன் வாசித்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட கோரிக்கையை உங்கள் சபையில் வைத்தவர்கள் இருந்தால், அது வாக்கெடுப்புக்கு வந்ததா, என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள் அல்லது எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது அந்த அனுபவங்களையும் கையில் எடுத்துக்கொண்டு போக விரும்புகிறேன்.