பதினைந்தாவது இலக்கத்தோடு நிற்கும் பிழை அல்ல இது
மிதவைப்புள்ளிக் கணக்கில் (கணினி தசம எண்களைக் கையாளும் முறை), நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் வேகத்துக்காகச் செய்யும் மேம்படுத்தல் குழப்பினாலும் பதினைந்தாவது இலக்கத்துக்கு அப்பால்தான் வித்தியாசம் தெரியும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 2011 ஜனவரியில் இணையதளங்களை இயக்கும் பிஎச்பி என்ற நிரல்மொழியின் 32 பிட் பதிப்புகளுக்கு 2.2250738585072011 × 10⁻³⁰⁸ என்ற ஒரே எண்ணைக் கொடுத்தால் போதும், அந்தச் செயல்முறை முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டது. எழுத்தாக வந்த எண்ணை மாற்றும்போது இடைமதிப்பு 64 பிட்டாகச் சுருங்காமல் இன்டெல் செயலியின் பதிவகத்தில் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்) 80 பிட்டாகவே தங்கியதுதான் காரணம். மாறிக்கு முன்னால் மதிப்பைப் பதிவகத்திலேயே வைத்துக்கொள்ளாமல் நினைவகத்தில் எழுதும்படி கம்பைலருக்குச் சொல்லும் 'வொலட்டைல்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துத் திருத்தினார்கள். இதே 80 பிட் சிக்கலில் நானும் இரண்டு இரவுகளைத் தொலைத்திருக்கிறேன். ஒரே சூத்திரத்தை இருமுறை கணக்கிட்டு ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். மதிப்பைப் பார்க்கலாமே என்று நடுவில் ஓர் அச்சிடும் வரியைச் சேர்த்ததும் சமமாகிவிடும்! அந்த வரிதான் மதிப்பை நினைவகத்துக்குத் தள்ளி 64 பிட்டாக்கியது என்று கம்பைலர் உருவாக்கிய இயந்திரக் கட்டளைகளை (அசெம்பிளி) பிரித்துப் பார்த்த பிறகே புரிந்தது. ஜிசிசி என்ற கம்பைலரின் பிழைப் பட்டியலில் 323ஆம் எண்ணாக 2000ஆம் ஆண்டிலேயே பதிவான பழைய வியாதி இது. கணக்கு விதிகளைத் தளர்த்தும் 'ஃபாஸ்ட்-மேத்' என்ற கம்பைலர் தெரிவைப் போட்டால் வேகம் கிடைக்கிறதே என்று கேட்கும் நண்பருக்கு: நிறைய எண்களைத் துல்லியம் குறையாமல் கூட்டும் கஹான் கூட்டல் முறையில் உதிரும் சிறு பகுதியை மீட்கும் வரியை இயற்கணிதப்படி சுருக்கினால் பூஜ்யம்தான் வரும்; அந்தத் தெரிவில் கம்பைலர் அதை வெட்டி எறிந்துவிடலாம், எச்சரிக்கை ஒன்றும் வராது.