கை எங்கே இருக்க வேண்டும் என்று வரைந்து காட்டியவர்

மூளை அறுவை சிகிச்சையின் வரலாற்றைப் பேசும்போது பதினைந்தாம் நூற்றாண்டு மருத்துவர் செரஃபெத்தீன் சபுன்ஜுஓலுவை "அரபு நூலைத் துருக்கி மொழியில் மொழிபெயர்த்தவர்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் ரொம்ப நாளாக வருத்தம்.

இன்றைய துருக்கியில் உள்ள அமாஸ்யா ஊர் மருத்துவமனையில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். 1465இல், எண்பது வயதையொட்டி, அறுவை சிகிச்சைக்கென்றே ஒரு நூல் எழுதி ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மதுக்குக் காணிக்கையாக்கினார். அப்போது மருத்துவ நூல்கள் பெரும்பாலும் அரபியிலும் பாரசீகத்திலும்தான். அவர் துருக்கி மொழியில் எழுதினார். காரணத்தையும் அவரே சொல்கிறார்: அனத்தோலியா (இன்றைய துருக்கியின் பெரும்பகுதி) மக்கள் பேசுவது துருக்கி, கத்தி பிடிப்பவர்களில் பலருக்கு எழுத்தே தெரியாது, தெரிந்தவர்களும் படிப்பது துருக்கி நூல்தான்.

அடிப்படை, பத்தாம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அல்-சஹ்ராவியின் அரபு நூல்தான், சரி. மண்டையோடு உடைந்தால் சுற்றிலும் துளைகள் போட்டு, அவற்றை இணைத்து வெட்டி எலும்பை எடுக்கும் முறையும், துளையிடும் கருவி மூளையின் உறைக்குள் இறங்கிவிடாமல் நுனிக்கு மேலே வைக்கும் வளையமும் சஹ்ராவி சொன்னவை. இன்றும் துளை போட்டு இணைத்துத்தான் மண்டையோட்டைத் திறக்கிறார்கள்.

ஆனால் சஹ்ராவி வரைந்தது கருவிகளை. சபுன்ஜுஓலு ஆட்களை வரைந்தார். நோயாளி எப்படி உட்கார வேண்டும், யார் பிடித்துக்கொள்ள வேண்டும், மருத்துவரின் கை எங்கே இருக்க வேண்டும் என்று நூற்றுக்கும் மேற்பட்ட வண்ணப் படங்கள். அவற்றில் பெண் மருத்துவர்களும் உண்டு. முதுகெலும்பு நழுவியவரைக் குப்புறப் படுக்கவைத்து, இரு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் அழுத்தும் முறையை வெறும் எழுத்தில் படித்து யாரால் செய்ய முடியும்? பார்த்தால்தான் கைக்கு வரும். எழுத்தறியாதவரும் கற்கலாம்.

வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் அவர் சொன்ன சூடு போடும் வைத்தியம் இன்று நிற்காது. இருந்தாலும் அவர் ஏட்டை மட்டும் நம்பியவர் அல்ல. 1468இல் எழுதிய இன்னொரு நூலில், விஷமுறிவு மருந்தைச் சேவல் மீதும் தன் மீதும் சோதித்ததைச் சொல்கிறார்.

அப்புறம் ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, துருக்கியின் லிஜே ஊரில் பிறந்த மூளை அறுவை மருத்துவர் காஸி யாஷர்கில். 1967இல் சூரிக்கில் நுண்ணோக்கியின் கீழ், தலைத்தோலின் தமனியை மூளைத் தமனியோடு தைத்து இணைத்தவர். அவருடைய நூல்களிலும் மூளை மடிப்புகளுக்கு இடையே எந்த வழியாக இறங்குவது என்று படம் படமாக இருக்கும். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இருவருக்கும் படம் என்பது அலங்காரம் இல்லை, பாடமே அதுதான்.

இனி சபுன்ஜுஓலுவைப் பற்றி எழுதுபவர்கள் "மொழிபெயர்த்தார்" என்று போடுவதற்கு முன் அந்தப் படங்களை ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். ஒரு பிரதி பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.