எல்விஸ் கேட்ட பேட்ஜும் படம் கேட்காத கேள்வியும்

'எல்விஸ் அண்ட் நிக்சன்' படத்தை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. 2016-ல் வந்த படம், இயக்கம் லிஸா ஜான்சன். ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சனைச் சந்தித்த கதை. எல்விஸாக மைக்கேல் ஷானன், நிக்சனாக கெவின் ஸ்பேஸி. நான் வாய்விட்டுச் சிரித்துத்தான் பார்த்தேன். ஆனாலும் அந்தப் படத்தின் மேல் எனக்குத் தீராத ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படத்தில் நம்ப முடியாததாகத் தெரிவதில் பாதி உண்மையிலேயே நடந்தது. 1970 டிசம்பரில், கிறிஸ்துமஸ் பரிசுக்காகத் துப்பாக்கிகளும் கார்களுமாக எல்விஸ் பணத்தை வாரி இறைக்கிறார் என்று அப்பா வெர்னனும் மனைவி பிரிசில்லாவும் கண்டிக்கிறார்கள். கோபித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறார். எங்கு போனாலும் ஒரு கூட்டத்தோடு போய்ப் பழகியவர், தன்னந்தனியாக விமானம் ஏறி வாஷிங்டன் போகிறார். அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கே நண்பர் ஜெர்ரி ஷில்லிங்கைக் கூட்டிக்கொண்டு ராத்திரி விமானத்தில் மறுபடியும் வாஷிங்டன். அந்த விமானத்தில் வியட்நாம் போரிலிருந்து விடுமுறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு சிப்பாயைப் பார்த்ததும், கையிலிருந்த பணம் முழுவதையும் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று ஷில்லிங் சொல்லியிருக்கிறார். எல்விஸை எனக்குப் பிடிப்பதற்கு அவருடைய குரல் மட்டும் காரணமில்லை. இந்த மாதிரி ஆள் என்பதும் ஒரு காரணம்.

அதே விமானத்தில்தான் நிக்சனுக்குக் கடிதம் எழுதுகிறார். விமான நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில், கோணல்மாணலான கையெழுத்தில், பக்கம் பக்கமாக. இன்றைக்கும் அது அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. படித்தால் மனசு கனத்துப்போகும். நான் எல்விஸ் பிரெஸ்லி, உங்களைப் பெரிதும் மதிக்கிறேன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். உலகத்தில் அந்த அறிமுகமே தேவைப்படாத ஒரு மனிதர்! போதைக் கூட்டத்தாரும் ஹிப்பிகளும், கறுப்பினப் போராளிகளான பிளாக் பேந்தர்களும் தன்னை எதிரியாக நினைப்பதில்லை, அதனால் தன்னால் நாட்டுக்கு உதவ முடியும் என்கிறார். போதைப் பழக்கத்தையும் கம்யூனிஸ்டுகளின் மூளைச்சலவை முறைகளையும் ஆழமாகப் படித்திருப்பதாகவும் எழுதுகிறார். அவர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று, தன்னை மத்திய அரசின் முகவராக்க வேண்டும். அதாவது போதைப்பொருள் தடுப்புத் துறையின் பேட்ஜ் வேண்டும்.

டிசம்பர் 21 காலை, விடிந்தும் விடியாத நேரத்தில் வெள்ளை மாளிகை வாசலுக்கே போய்க் கடிதத்தைக் காவலர் கையில் கொடுத்துவிட்டு ஓட்டலுக்குத் திரும்புகிறார். கடிதம் எகில் க்ரோக், டுவைட் சேப்பின் என்ற இரண்டு இளம் அதிகாரிகள் வழியாக மேலே போகிறது. அரசுக்கு வெளியே சில இளைஞர்களைச் சந்திக்க அதிபர் விரும்பினால் பிரெஸ்லியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சேப்பின் குறிப்பு எழுத, அதன் ஓரத்தில் வெள்ளை மாளிகையின் தலைமைப் பணியாளர் ஹால்ட்மன், 'விளையாடுகிறீர்களா' என்கிற தொனியில் பேனாவால் கிறுக்கிவிட்டு, அனுமதியும் கொடுத்துவிடுகிறார். அந்தத் தாளும் பத்திரமாக இருக்கிறது.

படம் இந்தப் பகுதியை அருமையாகச் செய்திருக்கிறது. க்ரோக்காக காலின் ஹாங்க்ஸ், சேப்பினாக இவான் பீட்டர்ஸ். கையில் கிடைத்த வாய்ப்பை விடவும் முடியாமல், மேலிடத்தில் போய்ச் சொல்லவும் முடியாமல் இரண்டு பேரும் தவிக்கும் தவிப்பு, அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் புரியும்.

மைக்கேல் ஷானனுக்கு எல்விஸின் சாயல் துளியும் கிடையாது. ஆரம்பத்தில் அது உறுத்தும். அப்புறம் மறந்துபோகும், ஏனென்றால் அவர் எல்விஸைப் போல நடந்து காட்டவில்லை, அந்த மனிதருடைய தனிமையைப் பிடித்துவிட்டார். ஒரு காட்சியில் ஜெர்ரியிடம் மனம்விட்டுப் பேசுவார். தான் ஓர் அறைக்குள் நுழைந்தால் எல்லோருக்கும் தன் பாட்டு ஒலிக்கக் கிடைத்த முதல் முத்தம் ஞாபகம் வருகிறது, பார்த்த சினிமா ஞாபகம் வருகிறது, மெம்பிஸிலிருந்து வந்த அந்தப் பையனை மட்டும் யாரும் பார்ப்பதில்லை என்பார். குரலை உயர்த்தாமல், முகத்தில் பெரிதாக ஒன்றும் காட்டாமல் சொல்லும் அந்த வசனத்துக்காகவே இந்தப் படத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம்.

சந்திப்புக் காட்சியும் குறை சொல்ல முடியாதது. அதிபருக்கென்று வைத்திருக்கும் மிட்டாயையும் குளிர்பானத்தையும் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். எல்விஸ் உள்ளே போனதும் முதல் வேலையாக அதில்தான் கை வைப்பார். கொஞ்ச நேரத்தில் கராத்தே செய்து காட்டுவார். முதலில் கடுகடுவென்று உட்கார்ந்திருக்கும் நிக்சன் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதை ஸ்பேஸி நன்றாகக் காட்டியிருக்கிறார். ஏழை வீட்டில் பிறந்து மேலே வந்தவர்கள் இரண்டு பேரும். 1970-ன் இளைஞர்கள் தங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்ற பயம் இரண்டு பேருக்கும். நிக்சனுக்கு அந்தப் பயம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு வேறொரு சாட்சி உண்டு. அதே ஆண்டு மே மாதம், கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போருக்கு எதிரான போராட்டத்தின்போது 4 மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட சில நாளில், தூக்கம் வராமல் விடியலுக்கு முன்பே கிளம்பி லிங்கன் நினைவகத்துக்குப் போய், அங்கே கூடியிருந்த போராட்டக்கார மாணவர்களிடம் பேசிப் பார்த்தார். பேச்சு ஒட்டவில்லை. அன்றைக்கு அவர் பின்னாலேயே ஓடிப்போன அதிகாரி இதே க்ரோக்தான்.

இதுவரை எல்லாம் சரி. இனிமேல்தான் என் மனத்தாங்கல்.

எல்விஸ் பேட்ஜை ஏன் அவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டார்? படத்தில் அது ஒரு பெரிய குழந்தையின் ஆசை போல வருகிறது. போலீஸ் பேட்ஜ் சேகரிப்பவர், இந்த ஒன்று மட்டும் கையில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் பிரிசில்லா தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருப்பது வேறு. அந்த பேட்ஜ் இருந்தால் துப்பாக்கிகளோடும், வேண்டிய மருந்துகளோடும் சட்டப்படி எந்த நாட்டுக்குள்ளும் போய்வரலாம் என்று எல்விஸ் நம்பினார் என்கிறார். ராணுவத்தில் இருந்த காலத்திலேயே தூக்கத்தை விரட்டும் மாத்திரைகள் பழகிவிட்டன. பின்னால் தூங்க ஒரு மாத்திரை, எழ ஒரு மாத்திரை. மருத்துவர்கள் வைத்திருக்கும் தடிமனான மருந்துக் கையேட்டை எல்விஸும் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கடிதத்தில் சொன்ன ஆழ்ந்த படிப்பு என்பதில் அதற்கும் பங்கிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நம்புகிறேன். டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அது மருந்து, தெருவில் வாங்கினால்தான் போதை என்று அவர் மனதார நினைத்தார்.

அவர் மட்டுமா? அன்றைய அரசாங்கமும் நடைமுறையில் அப்படித்தான் நடந்துகொண்டது. சந்திப்புக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1970 அக்டோபர் 27 அன்று நிக்சன் புதிய போதைப்பொருள் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்த சட்டம் அது. அடுத்த ஜூனில், போதைதான் நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார்.

இப்போது அந்த டிசம்பர் 21-ஐ மறுபடி நினைத்துப் பாருங்கள். ஓவல் அலுவலகத்தில் அதிபரும் எல்விஸும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இவருக்கு ஒரு பேட்ஜ் கொடுக்க முடியுமா என்று நிக்சன் கேட்க, நீங்கள் விரும்பினால் கொடுக்கலாம் என்கிறார் க்ரோக். சந்தோஷம் தாங்காமல் எல்விஸ் நிக்சனைக் கட்டிப்பிடிக்கிறார். அதே நேரத்தில் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் சின்க்ளேர் என்ற கவிஞர் சிறையில் இருந்தார். எம்சி5 என்ற ராக் இசைக்குழுவின் மேலாளராக இருந்தவர். மாறுவேடத்தில் வந்த போலீஸிடம் இரண்டே இரண்டு கஞ்சா சிகரெட் கொடுத்ததற்கு 10 ஆண்டுவரை தண்டனை. 1969-ல் உள்ளே போனவர், 1971 டிசம்பரில் ஆன் ஆர்பர் நகரில் அவருக்காக ஒரு பெரிய கூட்டம் நடந்து, அதில் பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த ஜான் லெனன் வந்து பாடிய பிறகுதான் வெளியே வந்தார்.

சரி, அந்த லெனனுக்கு என்ன ஆனது? 1972-ல் நிக்சன் அரசு அவரை நாட்டைவிட்டு வெளியேற்றப் பார்த்தது. காட்டிய காரணம், 1968-ல் லண்டனில் கஞ்சா வைத்திருந்ததற்காக அவர்மேல் இருந்த ஒரு வழக்கு. உள்காரணம் அவர் போரை எதிர்த்துப் பேசியது. பீட்டில்ஸ்காரர்கள் அமெரிக்காவுக்கு எதிரான மனநிலையை வளர்த்தார்கள் என்று எல்விஸ் நிக்சனிடம் சொன்னதாக க்ரோக் எழுதிய சந்திப்புக் குறிப்பில் இருக்கிறது. 1965-ல் அதே பீட்டில்ஸ் நான்கு பேரும் எல்விஸின் வீட்டுக்கு, தங்கள் ஆதர்சத்தைப் பார்க்கும் ஆர்வத்தோடு வந்து போனவர்கள். எல்விஸ் சொன்னதால்தான் லெனன்மேல் நடவடிக்கை வந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் எல்விஸை உயிராக நேசிக்கும் எனக்கு அந்த ஒரு வரியைத் தாண்டிப் போவது கஷ்டமாக இருக்கிறது.

இவ்வளவும் அந்த அறையின் சுவருக்கு வெளியே இருந்தது. படம் அந்தப் பக்கம் பெரிதாகத் திரும்பவே இல்லை. நகைச்சுவைப் படத்தில் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்று கேட்பீர்கள். எதிர்பார்க்கலாம் என்றுதான் சொல்வேன். பிரசங்கம் வேண்டாம். ஓட்டல் அறையில் எல்விஸ் பையைத் திறக்கும்போது ஒரு மாத்திரைக் குப்பியைக் காட்டியிருந்தால் போதும், அதன் பிறகு வரும் ஒவ்வொரு சிரிப்பும் வேறு மாதிரி விழுந்திருக்கும். எல்விஸை அது சிறுமைப்படுத்தியிருக்காது. அவருக்கு உண்மையில் உதவி தேவைப்பட்டது, உதவி செய்ய நின்ற அத்தனை பேரும் அவர் கேட்டதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது புரிந்திருக்கும்.

1977 ஆகஸ்ட் 16 அன்று எல்விஸ் இறந்தபோது வயது 42. அந்த ஆண்டின் முதல் எட்டு மாதங்களில் மட்டும் அவருடைய மருத்துவர் 10,000-க்கும் அதிகமான மாத்திரைகளும் ஊசிகளும் அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தார் என்பது பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்தது. அத்தனையும் சீட்டில் எழுதி வாங்கியவை.

இந்தக் கதையில் இன்னொருவர் இருக்கிறார், ஜான் ஃபின்லேட்டர். போதைப்பொருள் தடுப்புத் துறையின் துணை இயக்குநர். அன்று காலை கடிதத்தைக் கொடுத்த பிறகு, அதிபரைப் பார்ப்பதற்கு முன்பே, எல்விஸ் அவரிடம்தான் போய் பேட்ஜ் கேட்டார். முடியாது என்று நேருக்கு நேராகச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மதியத்துக்குள் அதிபரின் வார்த்தையே அதைத் தாண்டிப் போய்விட்டது. படத்தில் ட்ரேஸி லெட்ஸ் அந்தச் சின்ன வேடத்தில் வந்து போகிறார். இதே ஃபின்லேட்டர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, சொந்த உபயோகத்துக்குக் கஞ்சா வைத்திருப்பவர்களைத் தண்டிக்கக் கூடாது என்று வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார். அந்தச் சட்டத்தை நடத்திய துறையின் இரண்டாம் நிலை அதிகாரி! இத்தனை ஆண்டில் எல்விஸும் நிக்சனும் சந்தித்ததை இரண்டு முறை படமாக எடுத்துவிட்டார்கள், 1997-ல் தொலைக்காட்சிக்கு ஒன்று, 2016-ல் இது. மூன்றாவதாக யாராவது எடுப்பதாக இருந்தால் ஃபின்லேட்டரின் மேஜையிலிருந்து ஆரம்பியுங்கள். நான் முதல் நாளே பார்த்துவிடுவேன்.