முருகனுக்குக் கீழ எத்தினி காத்து?

(வேலூர் கொணவட்டத்தில் ஒரு டயர் கடை. அக்னி நட்சத்திரம், காலை பதினொரு மணி. மின்சாரக் குட்டியானைச் சரக்கு வண்டி ஒன்று சத்தமே இல்லாமல் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் பாயின் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறது. அப்புறம்தான் ஹாரன்.)

பாய்: யா அல்லா! ஏம்பா கோதண்டம், வர்றவன் ஒரு குரல் குடுத்துட்டு வரமாட்டியா? இந்நேரம் எனக்கு மாலை வாங்கிக்கினு இருந்திருப்பாங்க.

கோதண்டம்: இன்னா பாய் பண்றது, இதுலதான் இன்ஜினே இல்லியே. நம்ம ஊருல சொல்லுவாங்கல்ல, ஆறு கீது தண்ணி இல்ல, கோட்டை கீது ராஜா இல்ல, கோயில் கீது சாமி இல்லன்னு. அதோட நானும் ஒண்ணு சேத்துட்டேன். வண்டி கீது, இன்ஜின் இல்ல.

பாய்: நீ இன்னும் பழைய பாட்டையே பாடிக்கினு இரு. 1981லயே ஜலகண்டேஸ்வரர் கோயில்ல சாமிய திரும்பக் கொண்டாந்து வெச்சாச்சு. 2021 நவம்பர்ல பாலாத்துல வந்த தண்ணிய பாக்க ஊரே கரையில நின்னுச்சு. ராஜா ஒருத்தர்தான் பாக்கி. சரி, வந்த சேதிய சொல்லு.

கோதண்டம்: பின்னாடி டயரு ரெண்டும் மாத்தணும் பாய். கரன்ட்டு வண்டிக்குன்னே தனியா டயரு வந்துகீதாமே. தொட்டா ஷாக் கீக் அடிக்காதே?

பாய்: தொட்டா அடிக்காது. விலைய கேட்டா அடிக்கும்.

(பாய் குனிந்து டயரைத் தடவுகிறார். இரண்டு ஓரமும் சுத்த வழுக்கை. நடுவில் மட்டும் கொஞ்சம் ரப்பர் கட்டை மிச்சம். ஓரிடத்தில் ரப்பரைத் தாண்டி, நரைமுடி மாதிரி கம்பி ஒன்று எட்டிப் பார்க்கிறது.)

பாய்: இன்னாபா இது, கத்தரிக்காய் தோல் மாதிரி மினுக்குது?

கோதண்டம்: கத்தரிக்காய்தான் பாய் காரணம். தினம் இலவம்பாடியில இருந்து முள்ளு கத்தரிக்காய் ஏத்திக்கினு மார்க்கெட்டுக்கு வர்றேன். ஒருவேள முள்ளு குத்தி...

பாய்: மூட்டை மேல கீது, டயரு கீழ கீது. எந்த முள்ளுபா வளைஞ்சி வந்து குத்தும்? அந்தக் கத்தரிக்காய்க்கு புவிசார் குறியீடே குடுத்துகீறாங்க. அது மேல பழி போடாத.

கோதண்டம்: அப்ப முன்னாடி ரெண்டும் நல்லா கீது, பின்னாடி மட்டும் ஏன் மொட்டையாச்சு?

பாய்: உன் வண்டியில மோட்டாரு எந்தச் சக்கரத்த தள்ளுது? பின்சக்கரத்த. டீசல் வண்டின்னா கிளட்ச் விட்டு, கியர் மாத்தி, இன்ஜின் இருமி, அப்புறமாத்தான் நகரும். இது அப்படியில்ல. கால வெச்ச அந்தச் செகண்டே முழு இழுப்பையும் சக்கரத்துல கொட்டும். சிக்னல்ல பச்சை விழுந்ததும் நீ பறக்கறத நானே கிரீன் சர்க்கிள்ல பாத்துகீறேன்.

கோதண்டம்: (வெட்கத்துடன்) நேத்து ஒரு புல்லட்டையே முந்திட்டேன் பாய்.

பாய்: புல்லட்டுக்காரன் வீட்டுக்குப் போய் தூங்கிட்டான். நீ இங்க வந்து நிக்கற. இன்னொண்ணு, நீ கால எடுத்தா பேட்டரியில கொஞ்சம் சார்ஜ் ஏறுதுல்ல?

கோதண்டம்: ஆமா, காசு இல்லாம ஏறுது!

பாய்: காசு இல்லாமயா? மோட்டாரு அப்ப பிரேக்காட்டம் புடிச்சி இழுக்குது. அதுவும் அதே பின்சக்கரத்துலதான். ஓடறதுக்கும் அந்த டயரு, நிக்கறதுக்கும் அந்த டயரு, கூடவே பேட்டரி கனம் வேற. கூட்டுக் குடும்பத்துல மூத்த மருமக கதை.

கோதண்டம்: எங்க வீட்டு மூத்த மருமக அப்படியெல்லாம் தேயல பாய்.

பாய்: தேயறது உங்கண்ணனா இருக்கும். அது கெடக்கட்டும். ஓரம் மட்டும் இப்படி வழிச்சி எடுத்திருக்கே, அது இழுப்பு மட்டும் பண்ண வேலையில்ல. காத்து கம்மி. கடைசியா எப்ப காத்து பாத்த?

(கோதண்டம் மேலே ஷெட் தகரத்தைப் பார்க்கிறார். கீழே தரையைப் பார்க்கிறார்.)

கோதண்டம்: டீசல் வண்டி இருந்தப்ப பங்குக்குப் போவேன். டீசல் அடிக்கறப்ப காத்தும் பாத்துப்பேன். இப்பத்தான் வீட்லயே சார்ஜ் போடறேனே, பங்கு பக்கம் போயே ஒரு வருசம் ஆவுது.

பாய்: வருசம்! (கேஜை வைக்கிறார். புஸ்.) இருபத்தாறு. சரக்கு வண்டிக்கு இருபத்தாறு! பாசஞ்சர் காருக்கே பத்தாதுபா. டீசல் காச மிச்சம் புடிச்சி டயருக்குக் கட்டியிருக்க. சார்ஜும் முன்ன மாதிரி நிக்கலன்னு சொல்வியே இப்ப?

கோதண்டம்: உங்களுக்கு யாரு சொன்னா? முன்னல்லாம் ஒரு சார்ஜுல ரெண்டு நடை அடிச்சிட்டு மீந்திரும். இப்ப ரெண்டாவது நடையில காட்பாடி பாலம் ஏறச்சொல்ல நெஞ்சு பக்குபக்குங்குது. பேட்டரி போச்சுன்னு எங்க வீட்ல ஒப்பாரியே வெச்சிட்டாங்க.

பாய்: காத்து இல்லாத சைக்கிள மிதிச்சிகீறியா? முட்டி கழண்டுடும்ல? உன் மோட்டாருக்கும் முட்டி கீதுபா. சரி, எத்தினி காத்து வெக்கணும்னு கதவோரம் ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், பாரு.

(கதவைத் திறக்கிறார்கள். அந்த இடத்தில் ரத்தினகிரி முருகன் வேலோடு சிரித்துக்கொண்டிருக்கிறார்.)

கோதண்டம்: பாய், அது... முருகனுக்குக் கீழ கீது.

பாய்: சுரண்டு.

கோதண்டம்: முருகன நகத்தால சுரண்டறதா? நீங்க எடுங்க பாய்.

பாய்: நான் கை வெச்சா நாளைக்கு ஊருல வேற கதையாவும். ஈரத்துணி தர்றேன், நீயே மரியாதையா எடு.

(ஐந்து நிமிடம். முருகன் கிழியாமல் டேஷ்போர்டுக்குக் குடிபோகிறார். எழுத்து தெரிகிறது: பின்டயருக்கு முன்டயரைவிட ஜாஸ்தி. கோதண்டம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார், யாரிடம் மன்னிப்பு என்று தெரியவில்லை.)

கோதண்டம்: சரி பாய், இது மேலயே புது ரப்பர் ஒட்டி ரீட்ரேட் பண்ணிட்டா?

பாய்: கம்பி தெரியறதுக்கு ரீட்ரேட்டா? செத்தவனுக்கு பேதி மாத்திரை குடுக்கற கதை. புதுசு பாரு.

(இரண்டு டயரை உருட்டிக்கொண்டு வருகிறார். கோதண்டம் ஒன்றின் பக்கவாட்டில் மூக்கை வைத்துப் படிக்கிறார்.)

கோதண்டம்: 2319... பாய், ரெண்டாயிரத்து முந்நூத்திப் பத்தொம்பதா? சல்லிசா கீதே! ரெண்டும் குடுங்க!

பாய்: அய்ய, அது விலையில்லபா. 2019ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். அத்த விக்க மறந்து மூலையில கெடந்துச்சு. ரப்பரும் வயசானா வெறச்சிப் போவும். நீ இத்த பாரு, போன மாசம் வந்தது.

கோதண்டம்: இதுல 90ன்னு கீது. வேகமா?

பாய்: வேகத்துக்கு எழுத்து, பாரத்துக்கு நம்பரு. 90ன்னா ஒரு டயரு 600 கிலோ தாங்கும்.

கோதண்டம்: (விரல் விட்டு) நாலு டயரு, 2400 கிலோ. அப்ப 2400 கிலோ கத்தரிக்காய் ஏத்தலாம்!

பாய்: வண்டி கனத்த யாரு தூக்குவா, உங்க மாமியாரா? வண்டி, பேட்டரி, நீ, உன் தொப்பை, எல்லாம் போவத்தான் மீதி. ஆர்சி புக்குல இன்னா போட்டிருக்கோ அவ்ளோதான் ஏத்தணும்.

கோதண்டம்: சரி. அதோ அந்த டயரு, கட்டைக் கட்டையா, சிங்கம் மாதிரி கீதே. அத்த போட்டா வண்டி கெத்தா இருக்கும்ல?

பாய்: சேத்துல போறவனுக்கு அது. தார் ரோட்டுல போட்டா சார்ஜ குடிக்கும். டீசல் வண்டியில இன்ஜின் போடற கூச்சல்ல டயர் சத்தம் தெரியாது. உன் வண்டியிலதான் நீ மூச்சு விடறதே கேக்குதே. இலவம்பாடி போய் வர்றதுக்குள்ள காதுல வண்டு புகுந்தாப்ல இருக்கும். கட்டை நைசா இருக்கணும், லேசா உருளணும், பாரம் தாங்கணும். உனக்கு அவ்ளோதான் வேணும்.

கோதண்டம்: அப்ப எம்ஆர்எஃப் போடுங்க. அரக்கோணத்துலயே ஃபேக்டரி கீது. நம்ம ஜில்லா சரக்கு.

பாய்: அரக்கோணம் 2019லயே ராணிப்பேட்டை ஜில்லாவுக்குப் போயாச்சு.

கோதண்டம்: போச்சா! ஆத்துத் தண்ணி போச்சு, இப்ப டயரும் போச்சா!

பாய்: உனக்கு ஒண்ணு சொல்லட்டா? அந்தக் கம்பெனி 1946ல திருவொத்தியூர்ல பொம்மை பலூன் செஞ்சிதான் ஆரம்பிச்சாங்க.

கோதண்டம்: பலூனா? அப்ப காத்து விஷயம் அவங்களுக்கு நல்லா தெரிஞ்சிருக்கும்.

பாய்: அவங்களுக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியல. (பையனைப் பார்த்து) டேய் டேய்! ஜாக்கிய அங்க குடுக்காத, அது பேட்டரி! தள்ளி, சேஸ்ல குறி போட்டிருக்கும் பாரு, அங்க குடு. அத்த நசுக்கினா இந்தக் கடைய வித்தாலும் கட்டாது.

(வேலை முடிகிறது. பாய் காற்று வைத்து, வால்வில் எச்சில் தொட்டுப் பார்த்து, மூடியைத் திருகுகிறார். டியூப்லெஸ் வந்து எத்தனை வருடமானாலும் எச்சில் டெஸ்ட்தான் அவருக்கு நம்பிக்கை.)

பாய்: இனிமே பதினஞ்சி நாளைக்கு ஒருக்கா வா. காலையில, வண்டி ஓடறதுக்கு முன்னாடி. வெயில்ல ஓடி வந்தா டயரு சூட்டுல காத்து ஜாஸ்தி காட்டும். அத்த நம்பி எறக்கி விட்டுட்டா ராத்திரி மறுபடி கம்மியாவும்.

கோதண்டம்: வர்றேன் பாய். அந்தப் பழைய டயரு ரெண்டையும் பின்னாடி தூக்கிப் போடுங்க. ஒண்ணு புள்ளைக்கு ஊஞ்சல் கட்ட.

பாய்: ஓட்டை போட்டுக் கட்டு. மழைத் தண்ணி தேங்குனா டெங்கு கொசு முட்டை வெக்கும். மாநகராட்சி ஆளுங்க வந்தா ஃபைனு போடுவாங்க.

கோதண்டம்: ஆத்துலயே தண்ணி தேங்கல, டயர்லயா பாய் தேங்கப் போவுது?

பாய்: அது சரி. இன்னொண்ணு எதுக்கு?

கோதண்டம்: ஸ்டெப்னிக்கு.

(பாய் சற்று நேரம் அந்த எட்டிப் பார்க்கும் கம்பியையே பார்க்கிறார்.)

பாய்: ரத்தினகிரி போனா இன்னொரு முருகன் ஸ்டிக்கர் வாங்கிக்கினு வா. அந்த டயரு மேலயே ஒட்டிடலாம்.