கடனோடு காக்பிட்டில் ஏறும் பிள்ளைகள்

புதுச்சேரி லாசுப்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர்தான். பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. அதனால் 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கிய பெங்களூரு, ஹைதராபாத் சேவைகளுக்குச் சிறிய ஏடிஆர் ரக விமானமே வந்துபோகிறது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால், பொதுவாக இத்தகைய சிறு விமானங்களின் வலப்பக்க இருக்கைக்குத் துணை விமானியாக வரும் இருபத்து சொச்சம் வயதுப் பிள்ளைகள் எவ்வளவு கடனோடு வருகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கடலூரில் வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் எழுகிறது.

சிபிஎல் எனப்படும் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பயிற்சிக் கட்டணம், விடுதி, தேர்வுகள் எல்லாம் சேர்ந்தால் செலவு அரைக் கோடியைத் தொட்டுவிடும். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணை கேட்பார்கள். ஆகவே பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பின் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் ஒரு பிளாஸ்டிக் உறையில் மேசைக்கு வரும். அப்பா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் நிற்கும் அம்மாவின் கண்ணில் மகள் பறக்கத் தொடங்கியிருப்பாள். படிப்புக் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை என்று சொன்னால் அது காதில் விழும். அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறும் என்று எத்தனை முறை சொன்னாலும் அது மட்டும் விழாது.

நாட்டுக்கு அடுத்த 15, 20 ஆண்டுகளில் 30,000 விமானிகள் தேவைப்படுவார்கள் என்று விமானப் போக்குவரத்து அமைச்சரே சொல்லியிருக்கிறார். பயிற்சிப் பள்ளிகளுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா? ஆனால் நிறுவனங்கள் தேடி அலைவது அனுபவமுள்ள கேப்டன்களை. புதிதாக உரிமம் பெற்றவர்களோ வரிசையில் நிற்கிறார்கள். 2023இல் மட்டும் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 1,622 சிபிஎல் வழங்கியது. காத்திருக்கும் காலத்தில் மருத்துவத் தகுதியையும், கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் கைக்காசு போட்டுப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்கும் மேலே டைப் ரேட்டிங் என்றொரு செலவு இருக்கிறது. குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான இந்தப் பயிற்சிக்குப் பல லட்சம் ஆகும்; பெரும்பாலும் அதை வேலைக்கு வருபவரின் தலையிலேயே கட்டுகிறார்கள். ஏடிஆருக்குப் பெற்றது ஏர்பஸ்ஸுக்குச் செல்லாது. கோவையின் ஏர் கார்னிவல் 2017இலும், சேலத்துக்குப் பறந்த ட்ரூஜெட் 2022இலும் நின்றுபோயின. அப்படி ஒரு சிறு நிறுவனம் மூடப்படும்போது, அந்த ரகத்துக்காகச் செலவழித்த பணத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. ஆனால் துணை விமானி தானாக விலக வேண்டுமானால், 2017ஆம் ஆண்டின் விதிப்படி ஆறு மாதம் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

இதைப் பிள்ளைகளின் சொந்தப் பணப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. சோர்வாக இருக்கும் விமானி பறக்கக் கூடாது என்பது விதி. ஆனால் வருமானத்தில் ஒரு பகுதி பறக்கும் மணிக்கணக்கில் வரும்போது, மறுத்தால் மணி குறையும், மணி குறைந்தால் பணம் குறையும், தவணைத் தேதி மட்டும் தள்ளிப்போகாது. ஒரு மணி நேரப் பயணங்களாகவே ஓடும் சிறு விமானங்களில் ஒரே நாளில் பல தடவை ஏறி இறங்க வேண்டியிருக்கும்; விமானிக்கு வேலைப்பளு மிகுவதும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான்.

2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். கேப்டனின் தவறான எதிர்வினையே முதன்மைக் காரணம் என்று விசாரணை முடிவு கூறியது. ஆனால் கேப்டன், துணை விமானி இருவரின் ஓய்வுக் குறைவும் அங்கே பேசப்பட்டது. குறைந்த சம்பளத்தில் இருந்த துணை விமானி, சியாட்டிலில் பெற்றோர் வீட்டிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து நெவார்க்கில் பணிக்கு வந்திருந்தார். அதன்பின் அங்கே ஓய்வு விதிகள் இறுகின. துணை விமானிக்கே பொதுவாக 1,500 மணி அனுபவம் தேவை என்றானது. ஆள் கிடைப்பது அரிதானதும், 2022இல் சில பிராந்திய நிறுவனங்கள் தொடக்கச் சம்பளத்தை மணிக்கு 90 டாலராக உயர்த்தின. இங்கே ஆள் தாராளமாகக் கிடைப்பதால் பேரம் பேசும் இடத்தில் புதியவர்கள் இல்லை. வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்திய 2024ஆம் ஆண்டு விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்த சில வாரங்களில், 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. உடனே அந்நிறுவனத்துக்கு இரவுப் பணி விதிகளில் தற்காலிக விலக்கு தரப்பட்டது. பயணிகளின் கோபத்துக்கு முன்னால் விமானியின் தூக்கம் எம்மாத்திரம்!

கேப்டனானால் லட்சக்கணக்கில் வாங்குவார்களே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மைதான், ஆனால் அதற்கு 1,500 மணியும் சில ஆண்டுகளும் வேண்டும், கடன் கழுத்தை நெரிப்பதோ அதற்கு முந்தைய ஆண்டுகளில். டைப் ரேட்டிங் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும்; முதல் இரண்டு ஆண்டுகளுக்காவது மணிக்கணக்கைச் சாராத நிலையான சம்பளம் தர வேண்டும். கடன் மேசையில் இப்போது இருப்பவர்கள், பயிற்சிப் பள்ளியின் சேர்க்கைக் கடிதத்தோடு நின்றுவிடாமல், அங்கே உரிமம் பெற்றவர்களில் எத்தனை பேர் எத்தனை மாதத்தில் வேலையில் சேர்ந்தார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். தர மறுக்கும் பள்ளிக்காக யாருடைய தோப்புப் பத்திரத்தையும் வாங்கி வைக்காதீர்கள்.