ஒற்றுமை என்றால் என்ன?

அண்ணன் மகனுக்கு ஏழு வயதில் அறிவுத்திறன் சோதனை எடுக்க வேண்டி வந்தது. இரண்டாம் வகுப்பு முடியப் போகிறது, இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை என்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவு சரியாகச் சாத்தாததால் பேச்சு காதில் விழுந்தது. இரண்டு பொருள்களின் பெயரைச் சொல்லி, "இவற்றுக்குள் என்ன ஒற்றுமை?" என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான்: "சண்டை போடக் கூடாது."

அவன் பள்ளிச் சுவரில் 'ஒற்றுமையே பலம்' என்று எழுதியிருக்கும். அவனுக்குத் தெரிந்த ஒற்றுமை அதுதான். பதிலுக்கு மதிப்பெண் இல்லை. கேட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். கையேட்டில் இருக்கிற சொல்லை மாற்றக் கூடாது என்பது விதி. ஒரே மாதிரி கேட்டால்தான் பிள்ளைகளை ஒப்பிட முடியும், சரி. ஆனால் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டால் எல்லாப் பிள்ளைக்கும் அது ஒரே கேள்வியாகிவிடுமா?

அறிக்கையில் 68 என்று வந்தது. சராசரி 100. 70க்குக் கீழே போனால் அறிவுசார் குறைபாடாக இருக்குமோ என்று பார்ப்பார்கள். அண்ணி அன்று இரவு சாப்பிடவில்லை.

1905இல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினே இந்தச் சோதனையைத் தொடங்கியபோது அவர் தேடியது, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளை. அறிவு பிறவியிலேயே முடிவாகிவிட்டது என்ற பேச்சை அவர் கடுமையாக எதிர்த்தவர். அவர் 1911இல் இறந்துபோனார். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் சுமார் 17 லட்சம் பேருக்குச் சோதனை வைத்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கான தாளில் 'க்ரிஸ்கோ என்பது என்ன?' என்று ஒரு கேள்வி. அது அந்த ஊர்ச் சமையல் கொழுப்பின் பெயர். கப்பலிலிருந்து இறங்கிச் சில வருடமே ஆனவனுக்கு அது எப்படித் தெரியும்? அந்த மதிப்பெண்களை வைத்து, தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்கள் அறிவில் குறைந்தவர்கள் என்று கார்ல் பிரிகாம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1923இல் புத்தகமே போட்டார். 1930இல் அவரே அது தவறு என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் 1924இல் அமெரிக்காவில், அவர்கள் குடியேறுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டிருந்தது.

நம்மிடம் இன்றும் பல இடங்களில் எடுக்கிற பினே-காமத் சோதனை, 1930களில் கன்னட, மராத்திப் பிள்ளைகளை வைத்து அமைத்தது. அந்த அளவுகோலை இன்றைய நம் ஊர்ப் பிள்ளை மேல் வைத்துவிட்டு, வந்த எண்ணைக் கல்வெட்டு மாதிரி நம்பச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எந்தச் சோதனையிலும் பிழைக்கு இடம் உண்டு. 68 என்றால் ஏறக்குறைய 63க்கும் 73க்கும் நடுவில் எங்கோ என்று அர்த்தம்.

ஒரு வருடம் கழித்து வேறொரு உளவியலாளரிடம் போனோம். அவர் முதல் அரை மணி நேரம் அவனோடு ஆட்டுக்குட்டியைப் பற்றித்தான் பேசினார். பிறகு மொழி அதிகம் தேவைப்படாத சோதனை ஒன்று எடுத்தார். வீட்டில் தானாக என்னென்ன செய்வான் என்று என்னைத் துருவித் துருவிக் கேட்டார். கடைக்குப் போய் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வருவான் என்றேன், குறித்துக்கொண்டார். இந்த முறை 86. பிரச்சினை டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் வருகிற சிரமம். இப்போது தேர்வில் அவனுக்குக் கூடுதல் நேரம் தருகிறார்கள்.

பிள்ளைக்குச் சோதனை எடுக்கப் போகிற அப்பா அம்மாக்கள் தயங்காமல் கேளுங்கள்: எந்த மொழியில் எடுத்தீர்கள், எந்தப் பிள்ளைகளோடு ஒப்பிட்டீர்கள், அந்த அளவுகோல் எந்த வருடத்தது, பிழை எவ்வளவு. எங்களுக்குக் கிடைத்த முதல் அறிக்கையில் இதில் ஒன்றுகூட இல்லை. 68 மட்டும் இருந்தது, தடித்த எழுத்தில்.